கருப்பட்டியும் கருப்பட்டியும்

அபிநயாவின் வீட்டில் ஒரு புழு இருந்தது.

“ஊர்ல எல்லாரும் நாய் வளக்குறாங்க, ஆடு வளக்குறாங்க. எம் பொண்ணு புழு வளக்குது,” என்று அம்மா இருசம்மாள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் முட்டை வேகவைத்தால், மஞ்சள் கருவில் ஒரு துளியைப் புழுவுக்கென்று தனியே எடுத்து வைப்பதும் அவர்தான்.

அது மண்புழு இல்லை. கம்பளிப்புழுவும் இல்லை. கல்வராயன் மலை ஓடையில், கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் தட்டைப்புழு. அபிநயாவின் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். காகிதம் போல மெலிசு. கருப்பட்டியின் நிறம். அதனால் அதற்குக் கருப்பட்டி என்றே அபிநயா பெயர் வைத்திருந்தாள்.

கருப்பட்டிக்கு முக்கோணத் தலை. அதில் இரண்டு குட்டிக் கண்கள். இரண்டும் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். அது தலையைத் தூக்கிப் பார்க்கும்போது, “இன்னா சொன்ன? இன்னொரு தடவ சொல்லு” என்று கேட்பது போலவே இருக்கும்.

வாய் மட்டும் தலையில் இல்லை. வயிற்றின் நடுவில் இருந்தது. அபிநயாவின் தம்பி ஜெயப்பிரகாஷுக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று.

“எனக்கும் வயித்துல வாய் இருந்தா எப்டி இருக்கும்க்கா? சட்டையத் தூக்கிக்கினு சோறு சாப்பிடலாம்.”

“அப்பறம் பேசுறதுக்கும் சட்டையத் தூக்கணும்,” என்றாள் அபிநயா.

கருப்பட்டியைக் கொடுத்தது பவானி சித்தி. அம்மாவின் தங்கை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. போன மழைக்காலத்தில் மலைக்கு வந்திருந்தபோது, ஓடையில் கல் கல்லாகப் புரட்டித் தட்டைப்புழுக்களைப் பிடித்தார். அபிநயாவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே கல் புரட்டினாள். ஊருக்குக் கிளம்பும்போது சித்தி ஒரே ஒரு புழுவைக் கிண்ணத்தில் விட்டு அவளிடம் நீட்டினார்.

“இது உனுக்கு. நீ புடிச்சதுல ஒன்னு.”

“இத வெச்சு நீ இன்னா சித்தி பண்ணுவ?”

“இத ரெண்டா வெட்டுனா ரெண்டு புழு ஆவும். தலைப்பக்கத் துண்டுக்கு வால் மொளைக்கும். வால்பக்கத் துண்டுக்குத் தலை மொளைக்கும். எந்தப் பக்கம் தலை வரணும், எந்தப் பக்கம் வால் வரணும்னு அந்தத் துண்டுக்கு எப்டித் தெரியுது? அதத்தான் கண்டுபுடிக்கப் பாக்குறேன்.”

“அதுகிட்டயே கேட்டா சொல்லாதா?” என்றான் ஜெயப்பிரகாஷ்.

“கேட்டுக்கினேதான்டா இருக்கேன். இன்னும் சொல்லல.”

அன்றிலிருந்து கருப்பட்டி அடுப்படி மூலையில் வாழ்ந்தது. குளிர்ச்சிக்காக ஈர மணல் பரப்பிய தட்டு. தட்டின் மேல் வெள்ளைப் பீங்கான் கிண்ணம். கிண்ணத்தின் மேல் வெளிச்சம் படாமல் ஒரு மூடி. தினமும் ஊற்றுத் தண்ணீர் மாற்றுவது அபிநயாவின் வேலை.

பள்ளிக்கூடம் விட்டுக் கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. ஒரு மதியம், கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் பஸ்ஸில் பவானி சித்தி வந்து இறங்கினார்.

வழக்கமாக, பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக “அபீ!” என்று சித்தி கூப்பிடுவது ஊருக்கே கேட்கும். இன்று கூப்பிடவில்லை. தோளில் ஒரு பை. கையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. அவ்வளவுதான்.

“இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்குற?” என்றார் அம்மா.

“சும்மாதான்க்கா.”

அம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டு வைத்தார். சித்தி ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை.

“எல்லாம் செத்துப் போச்சுக்கா,” என்றார்.

அம்மா பயந்துவிட்டார். “யாருடி?”

“என் புழுங்க.”

அம்மாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தபோது ஏசி நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. சென்னை வெயிலில் தட்டுகளில் இருந்த தண்ணீர் சூடாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், ஒரு புழுகூட மிச்சமில்லை. எல்லாம் கரைந்து போயிருந்தன.

காட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு வந்த அப்பா அம்மாசி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, “வேற எங்கனா இருந்து வாங்கிக்க முடியாதா பவானி?” என்றார்.

“இல்ல மாமா. இது வரைக்கும் பண்ண சோதனை எல்லாம் நம்ம ஓடைப் புழுவ வெச்சுப் பண்ணது. பாதில வேற எடத்துப் புழுவ வெச்சா ஒத்துவராது. மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒன்னு கெடைச்சாக்கூடப் போதும். ரெண்டு ஆவும், ரெண்டு நாலாவும். பெருக்கிக்கலாம்.”

“அப்ப வா சித்தி, ஓடைக்குப் போலாம்!” என்று அபிநயா எழுந்துவிட்டாள்.

ஓடையில் தண்ணீர் இல்லை. மழைக்காலத்தில் முழங்கால் வரை வந்த இடத்தில் வெறும் பாறைகள் காய்ந்து கிடந்தன. பள்ளங்களில் கொஞ்சம் தேங்கியிருந்தது. கை வைத்தால் அதுவும் வெதுவெதுவென்று இருந்தது. மூன்று பேரும் கல் புரட்டினார்கள். ஒரு நண்டு வந்தது. ஒரு தவளை வந்தது. ஜெயப்பிரகாஷ் ஒரு பழைய ரப்பர் செருப்பைக் கண்டுபிடித்தான். தட்டைப்புழு வரவில்லை.

குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றிலும் பார்த்தார்கள். அங்கே தண்ணீர் ஜில்லென்று இருந்தது. புழு இல்லை.

“மழை வந்தா வரும்,” என்று சித்தி பாறையில் உட்கார்ந்தார். “ஆனா அதுக்குள்ள ரொம்ப லேட்டாயிடும்.”

சித்தியின் விரல் நகங்களில் சேறு அப்பியிருந்தது. அபிநயாவுக்குச் சித்தியைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் சித்தி நேராக அடுப்படி மூலைக்குப் போனார். கிண்ணத்தின் மூடியைத் தூக்கினார். கருப்பட்டி கிண்ணத்தின் சுவரில் வழுக்கிக்கொண்டு போனது. சித்தி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓசைப்படாமல் மூடிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அபிநயாவுக்குத் தோன்றியது. கேட்டால் “மாட்டேன்” என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ளலாம், அழலாம். கேட்காமல் இருப்பவரிடம் என்ன சொல்வது?

வாசலில் போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சித்தி, கருப்பட்டி நம்ம ஓடைப் புழுதான?”

“ஆமா.”

“எடுத்துக்கினு போனா வெட்டுவியா?”

சித்தி அவளைத் திரும்பிப் பார்த்தார். “வெட்டுவேன். உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

“வலிக்குமா?”

“நமக்கு வலிக்கிற மாதிரி அதுக்கு வலிக்குமான்னு யாருக்கும் சரியாத் தெரியல அபி. அதனாலதான் வெட்டறதுக்கு முன்னாடி ஐஸ் மேல வெச்சு மரத்துப்போக வெப்போம்.”

“அப்பறம் எப்டி தலை மொளைக்கும்?”

“அதோட ஒடம்பு பூரா ஒரு மாதிரி குட்டிக் குட்டி செல்லுங்க இருக்கு. நம்ம ஒடம்புல கண்ணுல இருக்கற செல்லு கண்ணு வேலையத்தான் பாக்கும், தோல்ல இருக்கறது தோல் வேலையத்தான் பாக்கும். ஆனா கருப்பட்டியோட குட்டி செல்லுங்க எதுவா வேணும்னாலும் மாறும். கண்ணு வேணுமா, கண்ணாவும். வாய் வேணுமா, வாயாவும்.”

“நானும் அப்டி இருந்தா, ஒரு துண்டு பள்ளிக்கூடம் போவும், ஒரு துண்டு வெளையாடும்,” என்று பின்னாலிருந்து ஜெயப்பிரகாஷின் குரல் வந்தது.

“ரெண்டு துண்டும் வெளையாடத்தான் போவும்,” என்றார் சித்தி. வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். பிறகு அபிநயாவின் தலையைத் தடவி, “நீ கவலப்படாத. நான் கேக்க மாட்டேன். குடுத்தது குடுத்ததுதான்,” என்றார்.

அன்று படுத்த பிறகும் அபிநயா யோசித்துக்கொண்டே இருந்தாள். கருப்பட்டியைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. சித்தியைக் காலிப் பெட்டியோடு அனுப்பவும் மனம் வரவில்லை.

காலையில் சித்தி பஸ்ஸுக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தார். அபிநயா எதிரில் வந்து நின்றாள்.

“சித்தி, வெட்டாம கருப்பட்டி ரெண்டாவாதா?”

சித்தியின் சீப்பு நின்றது. “ஆவும். நல்லா சாப்ட்டுப் பெருசா வளந்து, இருட்டா, ஜில்லுனு, தொந்தரவு இல்லாம இருந்தா, சில சமயம் தானாவே ரெண்டாப் பிரியும். ஆனா எப்பன்னு சொல்ல முடியாது. பிரியாமயும் போவலாம்.”

“நீ இப்ப கருப்பட்டிய எடுத்துக்கினு போனா, பஸ்ல சூடு. குலுக்கிக்கினே போவும். சென்னைல திரும்ப ஏசி நின்னா? இருக்கறதே ஒன்னு. அதுவும் போச்சுன்னா உனுக்கும் இல்ல, எனுக்கும் இல்ல.”

சித்தி சீப்பைக் கீழே வைத்தார்.

“அதனால இங்கயே இருக்கட்டும். இங்க ஜில்லுனுதான இருக்குது? நான் நல்லாப் பாத்துக்குறேன். ரெண்டானதும் ஒன்னு உனுக்கு, ஒன்னு எனுக்கு.”

சித்தி அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “நேத்து பூரா யோசிச்சும் எனுக்கு இது தோணல பாரு. இருக்கற ஒன்ன எடுத்துக்கினு ஓடறதுலயேதான் நெனப்பு இருந்துச்சு. ஆனா நர்மதா மேடம் உன் பள்ளிக்கூட லீவு முடியற வரைக்கும்தான் பொறுத்துக்குவாங்க. அதுக்குள்ள வரலன்னா வேற புழு வெச்சு ஆரம்பின்னுதான் சொல்லுவாங்க.” நர்மதா மேடம் சித்தியின் பேராசிரியர்.

“வரும் சித்தி.”

பஸ் கிளம்பியபோது சித்தி ஜன்னல் வழியாகக் கையசைத்தார். தெர்மாகோல் பெட்டி காலியாகத்தான் அவர் மடியில் இருந்தது.

அபிநயா வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகச் சட்டம் போட்டாள். அடுப்படிக்குள் யாரும் சத்தம் போடக்கூடாது. கிண்ணத்தைத் தட்டக்கூடாது. அடிக்கடி மூடியைத் திறக்கக்கூடாது. இதெல்லாம் முக்கியமாக ஜெயப்பிரகாஷுக்கு.

ஜெயப்பிரகாஷ் இதை மிகவும் கண்டிப்பாக எடுத்துக்கொண்டான். அடுப்படியில் மட்டுமில்லாமல் எங்கே போனாலும் கிசுகிசுவென்றே பேசினான். அம்மா கூப்பிட்டால் கிசுகிசு. பக்கத்து வீட்டார் கேட்டால் கிசுகிசு. தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து அம்மா காரமாக மிளகுக் கஷாயம் வைத்துக் குடிக்க வைத்துவிட்டார். குடித்ததும் அவன் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் எல்லாம் ஓடின.

முட்டை மஞ்சள் கரு, கோழி ஈரல் என்று அம்மா கொடுப்பதையெல்லாம் கடுகளவு கிள்ளி அபிநயா போட்டாள். கருப்பட்டி அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு வயிற்றால் சாப்பிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக நீளமாகியது. ஆனால் பிரியவில்லை.

ஊரில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். அப்பாவின் போனோடு அபிநயா அடிக்கடி அங்கே ஏறினாள்.

“இன்னும் இல்ல சித்தி.”

“பரவால்ல அபி. அதுக்குத் தோணறப்ப ஆவட்டும்.”

சித்தி நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு முறையும் “பரவால்ல” கொஞ்சம் மெதுவாகிக்கொண்டே வந்தது.

“கத்தி எடுத்து நாமளே வெட்டிடலாமாக்கா?” என்று ஒரு நாள் ஜெயப்பிரகாஷ் கேட்டான். அபிநயா உடனே “கூடாது” என்று சொல்லவில்லை. கிண்ணத்தைத் திறந்து பார்த்தாள். கருப்பட்டி தலையைத் தூக்கி, “இன்னா சொன்ன?” என்பது போலப் பார்த்தது.

“கூடாது,” என்று மூடிவிட்டாள்.

ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கக் காட்டுக்குப் போய்த் திரும்பியபோது, கிண்ணம் பளபளவென்று இருந்தது. மணல்கூடப் புதிதாக இருந்தது.

“ஈரல் நாத்தம் அடிச்சுது பாப்பா,” என்றார் அம்மா, முந்தானையில் கையைத் துடைத்தபடி. “நீ வர்றதுக்குள்ள கழுவிப் புதுத் தண்ணி ஊத்தி வெச்சுட்டேன்.”

அபிநயா மூடியைத் தூக்கினாள். கருப்பட்டி திருகாணி போலச் சுருண்டு கிடந்தது. நகரவில்லை.

“எங்க தண்ணிம்மா?”

“கொழாயிலதான். இப்பதான் புடிச்சேன்.”

அபிநயா கிண்ணத்தை முகர்ந்தாள். குழாய்த் தண்ணீர் வரும் தொட்டியில் அன்று பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியது.

கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தும் விட்டாள். ஆனால் அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகச் செய்திருக்கிறோம் என்ற சந்தோஷம் அந்த முகத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அபிநயா வாயை மூடிக்கொண்டாள். சொம்பை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள். பின்னாலேயே அம்மாவும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஜெயப்பிரகாஷ் ஒரு டம்ளரோடு ஓடி வந்தான்.

பழைய தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தில் ஊற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுபடியும் கொட்டி மறுபடியும் ஊற்றினார்கள். கருப்பட்டி சுருண்டபடியே கிடந்தது. மூன்று பேரும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“நல்லதுன்னு நெனச்சுதான் பாப்பா பண்ணேன்,” என்றார் அம்மா.

“தெரியும்மா. நமக்கு அது நல்ல தண்ணிதான். கருப்பட்டிக்குதான் ஆவாது. நானே உங்கிட்ட சொல்லியிருக்கணும்.”

அம்மா அன்று சாயங்காலம் உலை வைக்கவே இல்லை. வெயில் இறங்கும் நேரத்தில் சுருள் மெல்ல அவிழ்ந்தது. முதலில் வால் அசைந்தது. பிறகு முக்கோணத் தலை நீண்டது.

“பாக்குது! பாக்குது!” என்று ஜெயப்பிரகாஷ் கத்திவிட்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் முதல் சொம்பு ஊற்றுத் தண்ணீர் கருப்பட்டிக்குத்தான். கொண்டு வந்தது அம்மா.

விடுமுறை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு மதியம் வானம் மூடிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்விட்டது. அடுப்படி சாயங்காலம் போல இருண்டது. அபிநயா உணவு போடுவதற்காக மூடியைக் கொஞ்சமாக நகர்த்தினாள்.

கருப்பட்டி வழக்கம் போல இல்லை. பின்பகுதி கிண்ணத்தின் அடியில் பசை போட்டு ஒட்டியது போல இருந்தது. தலைப்பகுதி முன்னால் போகப் பார்த்தது. போக முடியாமல் பின்னால் வந்தது. மறுபடி முன்னால் நீண்டது.

“மாட்டிக்கிச்சு,” என்று ஜெயப்பிரகாஷ் கிசுகிசுத்தான். “எடுத்து வுடுக்கா.”

அபிநயாவின் விரல் தண்ணீருக்கு அருகில் போய்விட்டது. அப்படியே நிறுத்தினாள். யாரும் தொடாமலேதானே ஒட்டிக்கொண்டது? தொடாமல் இருந்தால் என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

கையை எடுத்துவிட்டாள்.

கருப்பட்டி இழுத்தது. நடு உடம்பு மெலிந்தது. பிசைந்த மாவை இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் நடுவில் எப்படி மெலியுமோ, அப்படி. கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தது. மறுபடி இழுத்தது. இடுப்பு நூல் போல ஆனது. வெளியே முதல் தூறல் ஓட்டின் மேல் விழுந்தது. ஜெயப்பிரகாஷ் அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

நூல் அறுந்தது.

தலைப்பகுதி எதுவும் நடக்காதது போலக் கிண்ணத்தின் சுவரைப் பார்த்துப் போனது. வால்பகுதி ஒட்டிய இடத்திலேயே இருந்தது.

“வாலுக்கு இன்னும் தெரியல போல,” என்றான் ஜெயப்பிரகாஷ்.

“இன்னா தெரியல?”

“தனியா ஆயிட்டோம்னு.”

அபிநயாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. மழை விட்டதும் போனைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடினாள்.

“சித்தி! ரெண்டாயிடுச்சு!”

அந்தப் பக்கம் சித்தி போட்ட கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது. எத்தனை முறை போட்டும் கிடைக்கவில்லை. பிறகு அப்பா ஒரு நாள் கள்ளக்குறிச்சிக்குப் போனபோதுதான் சித்தியிடம் பேச முடிந்தது. “தலை வந்து, ஒரு வாய் சாப்ட்டப்பறம் சொல்லுங்க மாமா. அது வரைக்கும் பொறுத்துக்குறேன்னு மேடம் சொல்லிட்டாங்க. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்குறேன்” என்று சித்தி சொல்லியிருந்தார்.

தலை வரும் வரை வால்துண்டை அபிநயா தனிக் கிண்ணத்தில் வைத்தாள். வாயே இல்லாமல் அதற்குப் பசிக்காதா என்று ஜெயப்பிரகாஷ் கவலைப்பட்டான். “அது தன் ஒடம்புல இருக்கறத வெச்சே வேணுங்கறதக் கட்டிக்கும்டா,” என்றாள் அபிநயா. அப்படிச் சொன்னாலும், ஒரு நாளைக்குப் பலமுறை மூடியைத் திறக்க அவளுக்கும் கை துறுதுறுத்தது.

அறுந்த இடத்தில் முதலில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. அது மெல்லக் கூம்பியது. ஒரு காலை அம்மாதான் ஊற்றுத் தண்ணீரோடு போய் முதலில் பார்த்தார்.

“அபி! ஏ அபி! எந்திரி! கண்ணு வந்துடுச்சு!”

ஊசி முனையால் தொட்டு வைத்தது போல இரண்டு கரும்புள்ளிகள். இரண்டும் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி, “இன்னா சொன்ன?” என்று கேட்டன.

பிறகு அது சாப்பிடத் தொடங்கியது. தலைப்பகுதிக்கும் வால் வளர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே அளவு வந்ததும் அபிநயா இரண்டையும் ஒரே கிண்ணத்தில் விட்டாள். விட்ட பிறகுதான் ஜெயப்பிரகாஷ் கேட்டான்: “இதுல பழைய கருப்பட்டி எதுக்கா?”

அபிநயா குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கமிருந்தும் பார்த்தாள், அந்தப் பக்கமிருந்தும் பார்த்தாள்.

“ரெண்டும்தான்,” என்றாள் கடைசியில்.

“அப்ப எதக் குடுப்ப?”

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முட்டைக் கருவைப் போட்டு, எது முதலில் வந்து நன்றாகச் சாப்பிட்டதோ அதைப் பிரயாணத்துக்கு எடுத்துக்கொண்டாள். பசி எடுக்கிற பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

வெயில் ஏறுவதற்கு முன், முதல் பஸ்ஸில் அப்பாவும் அபிநயாவும் கிளம்பினார்கள். ஊற்றுத் தண்ணீர் நிறைந்த பாட்டில். அதைச் சுற்றி ஈரத் துணி. அதை ஒரு தூக்குப் பாத்திரத்தில் வைத்து, அபிநயா மடியில் பிடித்துக்கொண்டாள். மலைப்பாதை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் தூக்கு சாயாமல் அவள் சாய்ந்தாள்.

“தூக்குல இன்னா பாப்பா, கொழம்பா?” என்றார் கண்டக்டர்.

“புழு அண்ணா.”

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கூட்டமும் ஹாரன் சத்தமுமாக இருந்தது. டீக்கடை ஓரத்து நிழலில் சித்தி தெர்மாகோல் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். இந்த முறை தூரத்திலிருந்தே “அபீ!” என்ற குரல் எல்லா ஹாரன்களையும் தாண்டி வந்தது.

சித்தி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கருப்பட்டி தலையைத் தூக்கியது. சித்தி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

“நெறைய ஆனப்பறம் வெட்டு சித்தி,” என்றாள் அபிநயா. “மொதல்ல கொஞ்சம் அதுவா பெருகட்டும்.”

“சரி. நீ சொல்ற மாதிரியே.”

பாட்டிலைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டுச் சித்தி நிமிர்ந்தார். சென்னை பஸ் எதிரிலேயே நின்றது. டிரைவர் வண்டியைக் கிளப்பியிருந்தார். “சென்னை, சென்னை! ஏறுறவங்க ஏறு!” என்று கண்டக்டர் கூவினார். அப்பா சித்தியின் பையைத் தூக்கிக்கொண்டார். சித்தி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“காலைல எந்திரிச்சுப் பாத்தப்ப பிரிஞ்சு இருந்துச்சா?”

“இல்ல சித்தி, மத்தியானம். நாங்க பாத்துக்கினே இருந்தோம்.”

“எத?”

“அது பிரியறத.”

சித்தியின் கால் படியிலிருந்து கீழே இறங்கியது.

“நீ பாத்தியா? உன் கண்ணால?”

“ஆமா. நானும் தம்பியும். பின்னாடி பசை மாதிரி ஒட்டிக்கினு, முன்னாடி இழுத்துக்கினு…”

“ஐயோ அபி! இத்தினி வருசத்துல நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லடி! லேப்ல காலைல வந்து பாப்பேன், ரெண்டா இருக்கும். அவ்ளோதான். நான் போனதும் பிரியும், நான் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்!”

“பவானி, பஸ்ஸு,” என்றார் அப்பா.

“இழுத்துக்கினே இருந்துச்சா, நடுவுல நிறுத்துச்சா?”

“நிறுத்துச்சு சித்தி. கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுத்துச்சு. அப்பறம் திரும்ப…”

“ஏம்மா, ஏறுறியா இல்லியா?” என்று கண்டக்டர் கத்தினார்.

சித்தி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவிடமிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். டீக்கடை பெஞ்சில் தெர்மாகோல் பெட்டியை நிழல் பார்த்து வைத்துவிட்டு, அபிநயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“போனாப் போவுது. சென்னைக்கு இன்னிக்குப் பூரா பஸ் இருக்குது. நீ மொதல்ல இருந்து சொல்லு. ஒன்னுகூட வுடாத.”

சென்னை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிப் போனது. அப்பா மூன்று பேருக்கும் டீ சொன்னார். அபிநயா பாவாடையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு வானம் இருட்டிக்கினு வந்துச்சு சித்தி…” என்று தொடங்கினாள்.